ஓய்வும் ஓர் உத்தரவே!

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதுமே ஹாஸ்டலில் கிண்டல் ஆரம்பித்துவிட்டது. "நீ மிலிட்டரியைப் பத்தித்தானடா எழுதப் போற?" ஆமாம், அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் எல்லையில் கொட்டும் பனியில் நிற்கும் வீரனுக்கு வணக்கம் சொல்லும் கட்டுரை அல்ல இது. அதை ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் நன்றாகவே எழுதிவிடுகிறார். நான் எழுத வந்தது அந்த வீரனின் காலைப் பற்றி. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே கையால் தடவினால் கத்தி முனைபோல் தட்டுப்படுமே, அந்த எலும்பைப் பற்றி.

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். கம்மவான்பேட்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியதால் 'இராணுவப்பேட்டை' என்றே அதற்குப் பெயர். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் தெருவுக்கு இரண்டு எக்ஸ்-சர்வீஸ்மேன் உண்டு. என் சித்தப்பா அதில் ஒருவர். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அவருடைய பூட்ஸில் காலை விட்டுக்கொண்டு வாசலில் லெஃப்ட் ரைட் போட்டவன் நான். ஆகவே முதலாண்டு படிக்கும்போதே அக்னிவீர் தேர்வுக்கு விண்ணப்பித்தது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. 2024-ல் ஆன்லைன் எழுத்துத் தேர்வில் பாஸ் ஆகிவிட்டேன். அடுத்தது ராலி. அதில் முதல் கண்டம் 1.6 கிலோமீட்டர் ஓட்டம்.

நான் போனபோது இருந்த கணக்கு இது: ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். 5 நிமிடம் 45 விநாடிக்குள் வந்தால் 48. அதற்கு ஒரு விநாடி பிந்தினாலும் வீட்டுக்குப் போகலாம். அப்புறம்தான் பீம், ஒன்பது அடிப் பள்ளம், ஜிக்-ஜாக் எல்லாம்.

ராலிக்கு ஏழு வாரம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பையன்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் ஓர் அண்ணனிடம் சேர்ந்தேன். மொத்தம் பதினான்கு பேர். விடிகாலை நாலரை மணிக்கு பைபாஸ் ரோட்டில் ஓட்டம், சாயந்தரம் மறுபடியும் ஓட்டம். ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. வெறும் வயிற்றில் ஓடிவிட்டு ஒரு டீ, இரண்டு பன். காலில் சந்தையில் வாங்கிய கேன்வாஸ் ஷூ. முதல் நாள் எனக்கு 6 நிமிடம் 40 விநாடி ஆனது. நான்காவது வாரம் 5.50-க்கு வந்துவிட்டேன். என் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்!

அந்த நான்காவது வாரத்தில்தான் வலி ஆரம்பித்தது. முதலில் ஓடி முடித்த பிறகு மட்டும் வலித்தது. பிறகு ஓடும்போதே. பிறகு படி ஏறும்போது. அண்ணனிடம் சொன்னேன். "வலி வந்தாத்தான்டா பலம் வரும். இதுக்கே அழுதா நீ எப்படி பார்டர்ல நிப்ப?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நானும் ஆயின்மென்ட்டைத் தேய்த்துக்கொண்டு ஓடினேன். வலிக்கிறது என்று அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ராலியன்று மூன்றாவது ரவுண்டில், வளைவில் திரும்பும்போது, வலது காலை ஊன்ற முடியவில்லை. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பதினான்கு பேரில் என்னைச் சேர்த்து ஐந்து பேருக்கு ஏறத்தாழ இதே கதி. டாக்டர் எக்ஸ்-ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. "எங்கேயாவது விழுந்தியா?" என்று கேட்டார். இல்லை சார், விழவே இல்லை. ஓடினேன், அவ்வளவுதான்.

விழாமலே எலும்பு விரிசல் விடுமா? மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம்தான், நாம்தான் பொருத்திப் பார்ப்பதில்லை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் 'ஃபெட்டீக்' படிக்கிறோமே! ஒரே அடியில் உடைக்க முடியாத அச்சை, அதைவிடக் குறைந்த பளுவை லட்சம் தடவை ஏற்றி இறக்கி உடைத்துவிடலாம். 1850-களிலும் 60-களிலும் ரயில் அச்சுகள் ஏன் திடீர் திடீரென்று முறிகின்றன என்று சோதித்துப் பார்த்தவர் பிரஷ்ய ரயில்வேயில் இருந்த வோலர். நாம் பரீட்சையில் வரையும் எஸ்-என் வளைகோடு அவர் வழியில் வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், அதே பிரஷ்யாவில், அதே காலத்தில், 1855-ல் பிரைட்ஹாப்ட் என்ற இராணுவ மருத்துவர், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்கு அடிபடாமலே பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதி வைத்தார். காரணம் அப்போது புரியவில்லை. 1895-ல் எக்ஸ்-ரே கண்டுபிடித்த பிறகு, 1897-ல்தான் அது எலும்பில் விழுந்த விரிசல் என்று தெரிந்தது. ரயில் அச்சுக்கும் சிப்பாயின் காலுக்கும் ஒரே வியாதி!

என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். தினம் எட்டு கிலோமீட்டர் என்றால் ஒரு காலுக்கு மூவாயிரம் தப்படிக்கு மேல். ஓடும்போது ஒவ்வொரு தப்படியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பளு காலில் இறங்குகிறது. ஆறு வாரத்தில் தப்படிக் கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அதுவும் தார் ரோட்டில். எலும்புக்கும் இரும்புக்கும் ஒரே ஒரு வித்தியாசம். இரும்பில் விழுந்த விரிசல் ஓய்வு கொடுத்தால் மூடாது, எலும்பில் விழுந்தது மூடும். புதுப் பளு வந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. இடித்தாகிவிட்டது, கட்டவில்லை என்ற நிலை பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் வருகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் இன்னும் வேகமாக ஓடினோம்!

காலில் கட்டோடு கிடந்தபோது சித்தப்பா பார்க்க வந்தார். இப்போது அவர் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார், மாதம் ஒரு முறைதான் ஊருக்கு வருவார். கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்னை எத்தினி நாள் ஓட வுட்டாங்க?" என்றார். சொன்னேன். "லீவே இல்லியா?" இல்லை சித்தப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம்தான் லே கதையைச் சொன்னார்.

"சியாச்சினுக்குப் போறதுக்கு எங்கள மொதல்ல லேயில எறக்கினாங்கடா. நாங்கல்லாம் நீலகிரி மலையில ஏறி எறங்குன பசங்க. திமிரு. எறங்குனதும் பேக்க தூக்கிக்கினு ஓடப் பாத்தோம். ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் வந்து கத்தறான், இங்க யாரும் ஓடக் கூடாதுன்னு. ரெண்டு நாளு சும்மா கெடன்னுட்டாங்க. பட்டாளத்துல சும்மா கெடன்னு உத்தரவு போட்டு நான் பாத்தது அங்க மட்டுந்தான்."

அந்த உத்தரவைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். 9,000 அடிக்கு மேலே போகும் எந்த வீரனும் முதல் கட்டமாக ஆறு நாள் உடலைப் பழக்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஓய்வு, லைனுக்குள்ளேயே கொஞ்சம் உலாவலாம். அடுத்த இரண்டு நாள் மெதுவான நடை, ஏற்றம் கூடாது. ஐந்தாம் ஆறாம் நாளில்தான் சற்று நீண்ட நடையும் சிறிய ஏற்றமும். 12,000 அடியைத் தாண்டினால் இன்னொரு நான்கு நாள், 15,000 அடியைத் தாண்டினால் மேலும் நான்கு நாள். லீவில் போய் நான்கு வாரத்துக்கு மேல் கீழே இருந்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து. கர்னலாக இருந்தாலும் சரி, சமையல்காரராக இருந்தாலும் சரி, ஆறு நாள் என்றால் ஆறு நாள்.

இது சும்மா வந்துவிடவில்லை. 1962 சீனப் போரை ஒட்டி சமவெளியிலிருந்த வீரர்களை அவசர அவசரமாக உயரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். நல்ல திடகாத்திரமான வாலிபர்கள் நுரையீரலில் நீர் கோத்துச் செத்தார்கள். எதிரியின் குண்டு படாமலே! நமது இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் வெளியிட்ட கட்டுரையை மலை நோய் பற்றிப் படிக்கும் உலக மருத்துவர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். உடல் பலம் ஒருவனைக் காப்பாற்றாது, படிப்படியாக ஏறுவதுதான் காப்பாற்றும் என்பதை இந்திய இராணுவம் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. கற்றதை நடைமுறைக்கும் கொண்டுவந்தது.

இங்கேதான் என் கேள்வி. நுரையீரலுக்குக் கொடுத்த மரியாதையைக் காலுக்கு ஏன் கொடுக்கவில்லை?

உடற்தகுதித் திட்டம் என்றாலே எல்லா நாட்டு இராணுவத்திலும் முதலில் நினைப்பது டெஸ்ட். நம் இராணுவத்திலும் பி.பி.இ.டி. என்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல், பள்ளம் தாண்டுதல் எல்லாம் கொண்ட சோதனை நெடுநாளாக இருந்து வந்தது. வீரர்களுக்கு எடை கூடுகிறது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்றவை வருகின்றன என்று 2024 தொடக்கத்தில் புதிய கொள்கை வந்ததாகப் பத்திரிகைகளில் படித்தோம். ஒவ்வொருவருக்கும் தகுதி அட்டை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை 10 கிலோமீட்டர் வேக நடை, 32 கிலோமீட்டர் நீள் நடை, எடை குறையாதவர்களுக்கு எச்சரிக்கை, அப்புறம் விடுப்பில் வெட்டு. எண்ணம் நல்ல எண்ணம்தான், தொப்பையோடு போருக்குப் போக முடியாது. ஆனால் விடுப்பை வெட்டினால் தொப்பை கரையுமா? குடும்பத்தைப் பார்க்க முடியாத கவலையில் இரண்டு சப்பாத்தி கூடத்தான் இறங்கும்! டெஸ்ட் என்பது வெர்னியர் காலிபர் மாதிரி. அளந்து சொல்லும், அவ்வளவுதான். காலிபரால் அளந்துகொண்டே இருந்தால் ஜாப் சைஸுக்கு வந்துவிடுமா? லேத்தில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைய வேண்டாமா? ஒரேயடியாக ஆழமாக வெட்டினால் டூல் உடையும் என்று நம் ஒர்க்ஷாப்பில் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

"போர்க்களத்தில எதிரி ரெஸ்ட் கொடுப்பானா?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. போர்க்களத்தில் கொடுக்க மாட்டான். ஆனால் பயிற்சியிலேயே காலை உடைத்துக்கொண்டவன் போர்க்களத்துக்குப் போகவே மாட்டானே! அமெரிக்க மரைன் படையில் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. பன்னிரண்டு வாரப் பயிற்சியில் ஒரு பிரிவு மொத்தம் 55 மைல் ஓடியது, இன்னொன்று 41 மைல், மூன்றாவது 33 மைல். எலும்பு விரிசல் முதல் பிரிவில் நூற்றுக்கு 3.7 பேருக்கு, கடைசிப் பிரிவில் 1.7 பேருக்கு. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சரி, குறைவாக ஓடியவர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்களா? கடைசியில் மூன்று மைல் ஓட விட்டபோது அவர்கள் பிந்தியது ஏறக்குறைய அரை நிமிடம்தான்!

இஸ்ரேல் இராணுவத்தில் இதே பிரச்சினையோடு 25 வருடம் போராடினார்கள். ஷூவை மாற்றிப் பார்த்தார்கள், உள்ளே அட்டை வைத்துப் பார்த்தார்கள், இன்னும் என்னென்னவோ செய்தார்கள். கடைசியில் மொத்த நடை தூரத்தைக் குறைத்து, இரவில் குறைந்தது ஆறு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது விரிசல்கள் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. 2008-ல் அந்த மருத்துவர்களே இதை எழுதியிருக்கிறார்கள். ஆறு மணி நேரத் தூக்கம்! ஒரு ரூபாய் செலவில்லை. அதைக் கண்டுபிடிக்க 25 வருடம்.

ஏன் இவ்வளவு தாமதம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் படித்த முன்னாள் வீரர்கள் திருத்தட்டும். இராணுவத்தில் ஓட்டம் பயிற்சியாகவும் இருக்கிறது, தண்டனையாகவும் இருக்கிறது. வெல்லிங்டனில் ரங்கரூட்டாக இருந்தபோது ஒருவன் செய்த தப்புக்கு மொத்த பிளட்டூனுக்கும் 'ரகடா' கிடைக்கும் என்று சித்தப்பா சொல்வார். குட்டிக்கரணம், தவளைத் தாவல், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டம்... இந்தத் தப்படிகளை எந்த அட்டவணையில் எழுதுவது? காலையில் பி.டி. உஸ்தாத் கணக்குப் பார்த்து மூன்று கிலோமீட்டர் ஓட விட்டிருப்பார். சாயந்தரம் இன்னொருவர் கோபத்தில் இன்னும் மூன்று ஓட விடுவார். கோபத்துக்குக் கணக்கு ஏது?

அப்புறம் 'சிக் ரிப்போர்ட்'. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுப்பது உரிமைதான். ஆனால் அப்படிப் போகிறவனை மற்றவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே! "டிமிக்கி" என்று பெயர் வந்துவிடும். நாள் கூடினால் ஜூனியர் பேட்ச்சில் தள்ளிவிடுவார்கள். கூடச் சேர்ந்தவன் கசம் பரேடில் நிற்கும்போது நாம் புதுப் பையன்களோடு அட்டென்ஷனில் நிற்க வேண்டும். அதற்குப் பயந்து வலியை மறைக்கிறார்கள். மறைத்த வலி எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. ரிஜிஸ்டரில் இல்லை என்றால் பிரச்சினையே இல்லை என்றுதானே மேலே இருப்பவர் நினைப்பார்?

"சித்தப்பா, நீங்க மறைச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். இடது பாதத்தை நீட்டி, இரண்டாவது விரலுக்கு மேலே ஒரு மேட்டைக் காட்டினார். "இதோட ஏழு வாரம் பரேடு பண்ணிருக்கேன். யாருக்கும் சொல்லல. உங்க சித்திக்கே இப்பத்தான் தெரியும்" என்றார். அடுப்படியில் இருந்த அம்மா, "ரெண்டு பேரும் ஒரே மாதிரி முட்டாளுங்க" என்றாள்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு கம்பெனியில் எத்தனை பேர் ஓட்டத்தில் 'எக்ஸலன்ட்' வாங்கினார்கள் என்று கமாண்டர் மேலே எழுதுகிறாரே, அதே தாளில் எத்தனை பேருக்குக் காலில் விரிசல் என்ற ஒரு கட்டமும் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து அவருக்கு மார்க் போடட்டும். அப்போது பாருங்கள், ரகடா தானாகக் குறையும்! அக்னிவீர் திட்டத்தில் மொத்தப் பணியே நான்கு வருடம். அதற்குள் பயிற்சியும் அடக்கம். பயிற்சிக் காலத்தையும் முன்பைவிடச் சுருக்கிவிட்டார்கள். குறைந்த நாளில் அதே ஆளை உருவாக்க வேண்டும் என்றால் பளுவை வேகமாக ஏற்றத்தானே தோன்றும்? அங்கேதான் ஓய்வை யாருடைய இரக்கத்துக்கும் விடாமல், லேயில் செய்த மாதிரி உத்தரவாகவே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். எழுதி வைத்தால் உஸ்தாதும் கேட்பார், பையனும் வெட்கப்பட மாட்டான்.

இன்னொன்று. ராலி வாசலுக்கு வரும் முன்பே உடைந்து போகிற எங்களைப் போன்றவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. இராணுவம் எங்களைப் பார்த்ததே இல்லை, மைதானத்தில் உட்கார்ந்தபோது மார்பில் ஒட்டியிருந்த நம்பரை மட்டும்தான் பார்த்தது. ஆட்சேர்ப்பு அறிவிப்பில் வயது, உயரம், மார்பளவு, தேவையான சான்றிதழ்கள் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். பன்னிரண்டு வாரத்தில் 1.6 கிலோமீட்டருக்கு எப்படித் தயாராக வேண்டும், வாரத்தில் எத்தனை நாள் ஓட வேண்டும், எந்த நாளில் ஓடக் கூடாது, காலில் எந்த மாதிரி வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் சேர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? அதைப் பார்த்திருந்தால் அந்த அண்ணனே எங்களை வேறு மாதிரி ஓட விட்டிருப்பார்.

கால் இப்போது சரியாகிவிட்டது. வயது இன்னும் இருக்கிறது. டிப்ளமோ முடித்ததும் டெக்னிக்கல் பிரிவுக்கு முயற்சி செய்யப் போகிறேன். வாரத்தில் நான்கு நாள்தான் ஓடுகிறேன், அதுவும் மண் தரையில். ஒரு நல்ல ஷூ வாங்க ஆறு மாதம் காசு சேர்த்தேன். சித்தப்பா பாதி போட்டார்.

நம் கல்லூரி மைதானத்தில் இப்போது காலை ஐந்து மணிக்குப் போனால் முதலாண்டுத் தம்பிகள் ஏழெட்டுப் பேர் ஓடுவதைப் பார்க்கலாம். எல்லோரும் ராலிக்குத்தான். போன மாதம் அவர்களை உட்கார வைத்து என் எக்ஸ்-ரேவைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் ஓடக் கூடாது, இது சீனியர் உத்தரவு என்று சொல்லிவிட்டு வந்தேன். "சரிண்ணா, சரிண்ணா" என்று தலையாட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு சந்தேகம் வந்து விடிகாலையிலேயே போய்ப் பார்த்தேன். இருட்டில் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் லேசாக நொண்டினான். என்னைப் பார்த்ததும் நேராக ஓடப் பார்த்தான்.